செட் பில்லில் பலகைக் காசையும் ஏற்றாதீர்கள்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். நாடகங்களுக்குச் செட் போடுவது தொழில். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா நாடகத்துக்கு, விழா ஏற்பாட்டாளர் ஒருவர் மூலம், மொத்தமாக ரூ.2,40,000 பேசி செட் போட்டேன். பிளைவுட், பெயின்ட், தச்சர் கூலி, டெம்போ எல்லாம் ரூ.1,75,000. ஏற்பாட்டாளர் 10% வரி பிடித்துக்கொண்டு ரூ.2,16,000 தான் கொடுத்தார். கையில் நின்றது ரூ.41,000. மாநிலம் தாண்டி வேலை செய்ததால் ஜிஎஸ்டி எடுத்தே ஆக வேண்டும், தானே எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். பிடித்த பணம் திரும்ப வருமா?

பதில்: வரும். ஆனால் அவர் அதை உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்க வேண்டும். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து 26ஏஎஸ் என்று பழகிப்போன படிவத்தை, அதாவது உங்கள் பெயரில் கட்டிய வரியின் பட்டியலைப் பாருங்கள். விழா ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நடந்திருந்தால், பணம் பிடித்தவர் அந்தக் காலாண்டுக் கணக்கைக் கொடுக்க மே 31 வரை அவகாசம் உண்டு. அதனால் ஜூன் நடுவில்தான் தெரியும். அதற்குள் சண்டைக்குப் போக வேண்டாம். ஜூன் முடிந்தும் ஒன்றும் ஏறவில்லை என்றால் வரி பிடித்ததற்கான சான்றிதழைக் கேளுங்கள் (16ஏ என்று பழகிப்போனது). வவுச்சரில் ‘டிடிஎஸ் 10%’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தது எதற்கும் ஆகாது.

இங்கே வழக்கமாக நடக்கும் தில்லுமுல்லு ஒன்று உண்டு. பள்ளி, ஏற்பாட்டாளரின் பான் எண்ணில் வரி பிடித்திருக்கும். அவர் தன் தலையில் விழுந்த பிடித்தத்தை வாய்மொழியாக உங்கள் தலையில் இறக்கிவிடுவார். பணம் உங்களுடையது, வரவு அவருடையது. அடுத்த முறை பில்லைப் பள்ளியின் பெயரில் நேரடியாகப் போடுங்கள். ஏற்பாட்டாளருக்குக் கமிஷன் வேண்டுமானால் தனியாகப் பில் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

26ஏஎஸ்-இல் தொகை ஏறியிருந்தால் கெடுவுக்குள் ரிட்டர்ன் போடுங்கள். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் ரூ.12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. உங்கள் ஆண்டு லாபம் அதற்குள் என்றால் ரூ.24,000-மும் திரும்பும். கெடு தாண்டினாலும் டிசம்பர் 31-க்குள் தாமத ரிட்டர்ன் போடலாம். அதையும் விட்டுவிட்டால், பிறகு போடும் ‘அப்டேட்டட் ரிட்டர்னில்’ ரீஃபண்ட் கேட்க முடியாது. ‘ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு’ என்பவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இல்லாத இன்சூரன்ஸையும் நன்கொடையையும் எழுதி வைப்பார்கள். நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

சரி, இவ்வளவு ஏன் பிடித்தார்கள்? மொத்தத் தொகையையும் உங்கள் ‘தொழில்முறைக் கட்டணம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். பிளைவுட் விலைக்கும் 10% பிடித்திருக்கிறார்கள். அடுத்த கொட்டேஷனை இரண்டாகப் பிரியுங்கள்: வடிவமைப்புக் கட்டணம் ஒன்று, செட் கட்டி நிறுத்தும் ஒப்பந்த வேலை ஒன்று. வடிவமைப்புக்கு ரூ.65,000 என்று போட்டால் அதில் 10% ரூ.6,500. ரூ.1,75,000-க்குத் தனிநபர் ஒப்பந்ததாரர் விகிதமான 1% என்றால் ரூ.1,750. மொத்தப் பிடித்தம் ரூ.8,250 தான். ஒரே பள்ளியிடம் ஆண்டுக்கு ரூ.50,000 வரையான வடிவமைப்புக் கட்டணத்துக்குப் பிடித்தமே இல்லை.

இதைவிட நல்ல வழி, பலகையைப் பள்ளியையே வாங்கச் சொல்வது. நீங்கள் அளவுப் பட்டியல் மட்டும் கொடுங்கள். 8-க்கு 4 அடி ஃபிளாட் (செட்டின் சுவர்த் தட்டி) ஒன்றுக்கு ஒரு பிளைவுட் ஷீட், 2-க்கு 1 அங்குல ரீப்பர் சட்டம் 28 அடி (நிற்க 8 அடியில் 2, குறுக்கே 4 அடியில் 3), பின்னால் முட்டுக்கொடுக்க இன்னொரு 8 அடி, சேதாரத்துக்கு மேலே 10%. கடலூர்க் கடையிலேயே பள்ளியின் பெயரில் பில் போட்டு, கடைக்காரருக்குப் பள்ளி நேராகப் பணம் கொடுக்கட்டும். அந்தத் தொகை உங்கள் வரவுசெலவிலேயே வராது. நாடகம் முடிந்தபின் பலகை பள்ளிக்குப் போய்விடும், நமக்கு மறுமுறை உதவாது என்ற நஷ்டம் உண்டுதான். கையில் ஏற்கெனவே இருக்கும் ஃபிளாட்களுக்கு வாடகை என்று பில்லில் தனியாக எழுதுங்கள். பலரும் மறப்பது செட்டைக் கழற்றும் கூலியையும் திரும்பும் டெம்போவையும். இரண்டும் கொட்டேஷனிலேயே இருக்கட்டும்.

இனி ஜிஎஸ்டி. கடலூர்ச் சாலையில் எல்லையான முள்ளோடையைத் தாண்டினாலே பதிவு எடுக்க வேண்டும் என்பது புரளி. சேவைக்கு ஆண்டு வரவு ரூ.20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. வேறு மாநிலத்துக்குச் செய்யும் சேவைக்கும் இதே வரம்புதான். ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பதால், அங்கே செட் போட்டாலும் மாநிலம் தாண்டிய வேலைதான். அதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் செட்டைப் பொருளாக ‘விற்றேன்’ என்று எல்லைக்கு அப்பால் பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். ஆகவே பலகை உங்களுடையது என்றால் ‘அரங்க அமைப்புச் சேவை, பொருட்கள் வடிவமைப்பாளருக்கே உரியவை, நிகழ்ச்சி முடிந்ததும் திரும்ப எடுக்கப்படும்’ என்று பில்லில் எழுதுங்கள். உண்மையிலும் அப்படியே எடுத்து வாருங்கள்.

ரூ.20 லட்சம் என்பது லாபம் அல்ல, பில் தொகை. இப்படி மொத்தமாக 9 வேலை செய்தால் ரூ.21.6 லட்சம், வரம்பு தாண்டிவிடும். பலகையைப் பில்லில் ஏற்றாதீர்கள் என்பதற்கு இதுவும் காரணம். தேவையில்லாமல் பதிவு எடுத்தால் வேலையே இல்லாத மாதங்களுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம். பேசிய ரூ.2,40,000-க்குள்ளேயே 18% அடக்கம் என்று பள்ளி சொல்லிவிட்டால் ரூ.36,610 வரை உங்கள் கையைக் கடிக்கும். அந்த வரியைப் பள்ளியால் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே மேலே போட்டுத் தரவும் மாட்டார்கள். பதிவை எடுத்துத் தரும் ஏற்பாட்டாளருக்கு மாதச் சம்பளம் போல ஒரு வருமானம் கிடைக்கும், அவ்வளவுதான் பலன்.

‘வரவில் பாதியை லாபமாகக் காட்டு, கணக்கே எழுத வேண்டாம்’ என்றும் யாராவது சொல்வார்கள். 44ஏடிஏ என்று பழகிப்போன அந்தச் சலுகை குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும். பட்டியலில் ‘திரைப்படக் கலைஞர்’ உண்டு, ஆர்ட் டைரக்டரும் அதில் அடக்கம். நாடக மேடை இல்லை. அதே தச்சர், அதே பிளைவுட், அதே பெயின்ட். எதிரில் கேமரா இருந்தால் ஒரு சட்டம், ஜனங்கள் உட்கார்ந்திருந்தால் வேறு சட்டம். இதை எழுதியவர்கள் கூத்துக்கொட்டகைப் பக்கமே போனதில்லை போலிருக்கிறது. புதுச்சேரியில் படப்பிடிப்புக்கு வருகிறவர்களுக்குச் செட் போட்டால் அந்த வரவுக்கு மட்டும் சலுகையை எடுக்கலாம். நாடக வரவை அதில் கலக்காதீர்கள். எடுத்தாலும் உங்களுக்கு ஆதாயம் சந்தேகம்தான்: இந்த ரூ.2,40,000-க்குப் பாதி ரூ.1,20,000, உண்மை லாபம் ரூ.65,000. ஒரு நோட்டில் வரவு செலவை எழுதி, கடை பில்களைக் கோத்து வையுங்கள். தச்சர் கூலியை வங்கி வழியாகவோ யுபிஐ-யிலோ கொடுங்கள்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு அரசுத் தளத்தில் நீங்களே இலவசமாகச் செய்யலாம். அதற்குக் காசு கேட்பவர் இடைத்தரகர். பதிவை வேலை ஒப்புக்கொள்ளும் முன்பே முடித்து, எண்ணைப் பில்லில் போடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் வட்டியோடு கேட்கலாம் என்கிறது சட்டம். கேட்டு வாங்குவதற்குள் அடுத்த ஆண்டு விழாவே வந்துவிடும். ஆகவே பாதித் தொகையை மரம் அறுக்கும் முன் வாங்குங்கள், 40% செட் மேடையில் ஏறிய அன்று, திரை தூக்கும் முன். மீதி 10%, டெம்போவில் எல்லாம் ஏற்றிய பின்.