கால்குலேட்டரை ஏன் இழுக்கிறான்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் அசைன்மென்ட் முழுவதையும் ஏஐயிடம் கேட்டே எழுதுகிறான். கண்டித்தால், "கால்குலேட்டர் வந்தப்பவும் இப்படித்தான் கத்தினாங்க" என்கிறான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. உங்களுக்கு?
- ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் கால்குலேட்டரை வம்புக்கு இழுத்திருக்க வேண்டாம். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னால் 144 என்று காட்டும். பேட்டரி தீர்ந்தால் பேசாமல் கிடக்கும். தெரியாததைத் தெரிந்த மாதிரி அளக்காது.

ஏஐ அளக்கும். இதற்கு அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று, தின்று வைத்திருக்கும் கோடிக்கணக்கான பக்கங்களின் பழக்கத்தில் கோத்துக்கொண்டே போவதுதான் அதன் தொழில். கோத்தது உண்மையா என்பது வேறு சங்கதி.

நியூயார்க்கில் ஒரு வழக்கு. விமானத்தில் சாப்பாட்டு வண்டி முழங்காலில் இடித்துவிட்டதென்று ஏவியாங்கா நிறுவனத்தின் மேல் ஒரு பயணி போட்டது. அவருடைய வக்கீல் முப்பது வருட அனுபவஸ்தர். முன்தீர்ப்பு தேட சாட்ஜிபிடியிடம் போனார். அது எடுத்துக் கொடுத்ததில் ஒன்று, 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்'. (பெயரைக் கேட்டால் நம் கோட்டயத்துக்காரர் மாதிரி இல்லை? அதுதான் அதன் சாமர்த்தியம்.) வக்கீலுக்கே லேசாக உறுத்தி, "இது நிஜ வழக்குதானா?" என்று அதனிடமே கேட்டார். ஆமாம் என்றது. கடைசியில் வர்கீஸும் இல்லை, வழக்கும் இல்லை. மொத்தம் ஆறு தீர்ப்புகள் கட்டுக்கதை. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார், வக்கீல்களுக்கும் அவர்கள் அலுவலகத்துக்கும். மனுவில் சாட்ஜிபிடி கையெழுத்துப் போடவில்லையே!

அவ்வளவு தூரம் போவானேன்? போன மாதம் என் மேஜைக்கே நீர் மேலாண்மை பற்றி ஒரு கட்டுரை வந்தது. வழவழவென்று நடை, ஒற்றுப்பிழைகூட இல்லை (அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்). நடுவில் ஒரு குறள். ஏழு சீர், எதுகையும் சரி. கீழே 'குறள் 1412' என்று எண். வள்ளுவர் 1330-லேயே எழுந்து போய்விட்டாரே என்று போன் செய்து கேட்டேன். எழுதியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற பதிப்பா இருக்கும் சார்" என்றார். தன் பெயரில் போகிற கட்டுரையை அனுப்புமுன் ஒருமுறை அவரும் படித்திருக்கலாம்.

ஏஐயே ஆகாது என்று நான் சொல்லவில்லை. பார்வையற்ற என் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வரும் தபாலைப் போனில் காட்டி, வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல் விட்டு வரும்வரை கவர் பிரிக்காமல் கிடக்கும். அவருக்கு இல்லாத கண்ணுக்குப் பதில் அது. உங்கள் பிள்ளைக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது?

சரி, சண்டை போடாதீர்கள். அசைன்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில் 'உதவிய நூல்கள்' என்று நாலைந்து போட்டிருப்பான். அதில் ஏதாவது ஒன்றை லைப்ரரியிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள். புத்தகம் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், நானும் படிக்கிறேன்.