கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்: பைபாஸ் முடிந்து வீடு திரும்புவோருக்கு

இதய பைபாஸ் அறுவை முடிந்து கணவரோ மனைவியோ வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வார்டு தாதியரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. உங்கள் அறுவை மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

என் வீட்டுக்காரருக்கு 61 வயது. பைபாஸ் முடிந்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, நாங்கள் இரண்டு பேர்தான். வீட்டில் எதை மாற்ற வேண்டும்? படுக்கையிலிருந்து அவரை நான் தூக்கிவிட முடியுமா? (வாசகி, ஈசூன்)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தூக்கிவிட வேண்டாம். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேலே தோல் இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். உள்ளே எலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரம், பழைய உறுதி வருவதற்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகும். மேல்கையிலிருந்து வரும் பெரிய மார்புத் தசை அந்த எலும்பில்தான் ஒட்டியிருக்கிறது. ஒரு கையைப் பிடித்து இழுத்தால் எலும்பின் ஒரு பாதியை இழுத்த மாதிரி. அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அதே தப்புதான். பாசத்தில் செய்கிற இந்த உதவிதான் வீட்டில் அதிகம் நடக்கும் தவறு.

அவர் தானாக எழ வேண்டும். எப்படி என்றால், மல்லாந்து படுத்தபடியே இரண்டு முழங்காலையும் மடக்கட்டும். சிறிய தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒன்றாகத் திரும்பும்படி, மரக்கட்டை உருள்வது போல ஒரு பக்கமாக உருள வேண்டும். இடுப்பு முன்னே போய்த் தோள் பின்தங்கினால் நெஞ்சு முறுகும். பிறகு கால்கள் இரண்டையும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட வேண்டும். தொங்கும் காலின் கனம் கீழே இழுக்க, உடம்பு தானாக மேலே வரும். அந்த நேரத்தில் உங்கள் உள்ளங்கையைத் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் வைத்து முதுகைத் தாங்குங்கள். முதுகைத் தாங்குவது சரி, கையை இழுப்பதுதான் கூடாது. உட்கார்ந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

நிற்பதற்கு: விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிய வேண்டும். கையை ஊன்றாமல் தொடையின் பலத்திலேயே எழ வேண்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் இது நடக்காது. முழங்கால் உயரத்துக்குக் குறையாத, 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான நாற்காலி ஒன்றைக் கூடத்தில் போடுங்கள். அமுங்கிப் போகும் சோபா மூன்று மாதம் விருந்தாளிகளுக்கு மட்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

கழிவறைக் கிண்ணம் தாழ்வாக இருந்தால், கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கமோடு நாற்காலியை அதன் மேல் வையுங்கள். குளிக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி, வழுக்காத விரிப்பு. பிடிமானக் கம்பி பொருத்த வீவகவின் ஈஸ் திட்டம் இருக்கிறது. சிங்கப்பூரர்கள் வீட்டின் அளவைப் பொறுத்துச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு கொடுத்தால் போதும். ஆனால் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் வீட்டில் இருக்க வேண்டும். 60 முதல் 64 வயது என்றால் அன்றாடக் காரியங்களுக்கு உதவி தேவைப்படுகிறது என்ற மதிப்பீடு வேண்டும். வார்டிலேயே மருத்துவச் சமூக ஊழியரைக் கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கம்பி வந்துவிடாது, அதை நம்பி இருக்க வேண்டாம். இன்னொன்று: கம்பி தடுமாறாமல் இருப்பதற்குத்தான். அதைப் பிடித்து இழுத்து எழுந்தால் நெஞ்செலும்புக்கு அதே ஆபத்து.

தூக்கும் எடை 2, 3 கிலோவுக்குள் இருக்கட்டும். 1.5 லிட்டர் தண்ணீர் போத்தல் பரவாயில்லை. 5 கிலோ அரிசிப் பை, தண்ணீர் நிறைந்த வாளி, பேரப்பிள்ளை மூன்றும் கூடாது. கனமான இரும்புக் கதவை நீங்களே திறந்துவிடுங்கள். பேருந்தில் மேலே தொங்கும் பிடியைப் பிடிக்கக்கூடாது. ஈரத்துணியோடு மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: கனம், நீட்டிய கை, முறுகும் உடம்பு மூன்றும் ஒரே அசைவில். துணி காயப் போடும் வேலை வழக்கமாக அவருடையது என்றால் இந்த மூன்று மாதம் உங்களுடையது.

வெள்ளிக்கிழமை டாக்சியில் பின்னிருக்கையில் உட்காரட்டும். இருக்கை வார் கட்டாயம். வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வைக்கலாம்.

என் மனைவிக்கு 57 வயது, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. பைபாஸ் முடிந்து 12 நாள் ஆகிறது. காயத்தின் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கிறது, மேலே அரிக்கிறது என்கிறார். மஞ்சள் பூசலாம் என்கிறார் என் தாயார். (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

அரிப்பு ஆறுகிற அடையாளம். ஈரம் அப்படியல்ல. அதை இன்றே காட்டுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்க வேண்டாம். காயக் கட்டுக்குப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போகலாம். ஆனால் நெஞ்சுக் காயத்தில் கசிவு, சீழ், சிவப்புப் பரவல், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் அறுவை செய்த மருத்துவமனைக்கே போன் செய்யுங்கள். இருமும்போதோ திரும்பும்போதோ எலும்பு ‘டிக்’ என்று நகர்வதாக அவர் சொன்னாலும் அப்படியே. எலும்பைக் கட்டிய கம்பி தளர்ந்திருக்கலாம்.

பெண்களுக்குக் காயத்தின் அடிப்பக்கம் திறந்துகொள்வதற்கு ஒரு காரணம் உண்டு, வெட்கத்தில் யாரும் பேசுவதில்லை. மார்பின் கனம் தையலை இருபக்கமும் இழுக்கிறது. மடிப்புக்குள் வேர்வை தேங்குகிறது. கம்பியில்லாத, முன்பக்கம் கொக்கி வைத்த, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையை இரவிலும் போடச் சொல்லுங்கள். அதற்குள் மெல்லிய பருத்தித் துணி வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர், திருநீறு எதுவும் காயத்தின் மேல் வேண்டாம். திருநீறு நெற்றியில் இருக்கட்டும். குளிக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டால் வெதுவெதுப்பான நீர், மணமில்லாத சோப்பு, பிறகு சுத்தமான துண்டால் ஒற்றி எடுப்பது, தேய்க்கக்கூடாது. இரத்தச் சர்க்கரை உயர்ந்தே இருந்தால் எந்தக் காயமும் ஆறாது. அறுவைக்குப் பிறகு சில வாரம் சர்க்கரை ஏறுவது வழக்கம். எனவே வீட்டில் அளந்து எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.

கால் வீங்கியிருக்கிறது. அறுவை நெஞ்சில்தானே? (வாசகி, பொங்கோல்)

காலிலிருந்து ஓர் இரத்தக்குழாயை எடுத்து நெஞ்சில் வைத்திருப்பார்கள். எடுத்த காலில் சில வாரம் வீக்கம் இருக்கும். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள், கால்மேல் கால் போட வேண்டாம். ஆனால் இரண்டு காலும் வீங்கினால், அல்லது கெண்டைக்கால் சூடாகி வலித்தால் உடனே சொல்ல வேண்டும்.

20 வெள்ளி எடைக் கருவி இங்கே பெரிய உதவி. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, பசியாறுவதற்கு முன், அதே மாதிரி உடையில், அதே கருவியில். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்துக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையில்லை, நீர். மூச்சு வாங்குவதற்கு முன்பே எடை காட்டிக் கொடுத்துவிடும். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் எடை பார்த்துக்கொண்டிருக்காமல் கூப்பிடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், வாய் கோணல், பேச்சுக் குழறல் என்றால் ஆம்புலன்சுக்கு 995.

ரசம் சாதம் மட்டும் கொடுக்கிறேன். மீன், முட்டை கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்கிறார்களே? (வாசகி, தோ பாயோ)

பிடிக்காது. புண் கூடப் புரதம் வேண்டும். ரசத்தில் அது இல்லை. அறுவைக்குப் பின் சில வாரம் நாக்கு செத்திருக்கும், வயிறு சீக்கிரம் நிறையும். மூன்று வேளைத் தட்டுக்குப் பதில் ஆறு சிறு கிண்ணம். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையோ, உள்ளங்கையளவு மீனோ, கெட்டிப் பருப்போ, தயிரோ இருக்கட்டும். விரால் மீன் சூப் காயத்துக்கு நல்லது என்று அண்டைவீட்டுச் சீனரும் மலாய்க்காரரும் சொல்வார்கள். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் சாற்றை மட்டும் குடித்துவிட்டு மீனை ஒதுக்கினால் பயனில்லை. புரதம் சதையில்தான் இருக்கிறது.

உப்புதான் உண்மையான எதிரி. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே பாதிக்குக் கிட்டப் போய்விடும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் மீ எல்லாம் கொஞ்ச நாள் அலமாரியில் இருக்கட்டும். உப்பைக் குறைத்த குழம்பு சப்பென்று இருக்கிறது என்றால் புளி, மிளகு, வறுத்த சீரகம், கடைசியில் எலுமிச்சை. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைக்கும் அது ஆகாது.

பம்பளிமாஸ் சீசனில் ஒரு எச்சரிக்கை: கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் கிரேப்ஃபுரூட்டையும் தவிர்ப்பது நல்லது. மருந்து உடம்பில் அளவுக்கு மேல் தங்கிவிடும்.

மலச்சிக்கலும் இந்தப் பக்கத்து விஷயம்தான். வலிக்குத் தரும் டிரமடோல், கோடீன், இவற்றோடு இரும்புச்சத்து மாத்திரை மூன்றும் மலத்தைக் கட்டும். முக்குவதற்கு விடாமல், கொடுத்த லாக்டுலோஸ் மருந்தை ஒழுங்காகக் கொடுங்கள்.

மருந்துப் பை பெரிதாக இருக்கிறது. முன்பு சாப்பிட்டதும் நிறைய மீந்திருக்கிறது. வீணாக்காமல் முடித்துவிடலாமா? (வாசகர், பிடோக்)

பழையதைத் தனிப் பையில் கட்டி, மருந்தகரிடம் காட்டும்வரை தொடாதீர்கள். பழைய டப்பாவில் ‘கான்கோர்’ என்றிருக்கும், புதிய பையில் ‘பைசோப்ரோலால்’ என்றிருக்கும். பெயர் இரண்டு, மருந்து ஒன்று. இரண்டையும் விழுங்கினால் நாடி 50க்குக் கீழே போய் குளியலறையில் விழுவார்.

வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) என்றால் 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரத்தில் 8க்கு மேல் போகக்கூடாது. தசைவலிக்குத் தரும் அனாரெக்ஸிலும் பல சளி மருந்துகளிலும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். பைபாஸ் ஆனவருக்கு அவை இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஊரிலிருந்து வரும் உறவினர் பையில் இவை நிச்சயம் இருக்கும். ஆஸ்பிரினை நீங்களாக ஒரு நாளும் நிறுத்தாதீர்கள், பல் பிடுங்கப் போனாலும் முதலில் கேளுங்கள்.

மூன்று உருண்டை உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியையும் பையில் பார்த்திருப்பீர்கள். பலர் அதை ஊதுகிறார்கள். உறிஞ்ச வேண்டும். மெதுவாக இழுத்து, உருண்டையை மூன்று விநாடி மேலேயே நிறுத்தி, விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 தடவை. இருமல் வரும், வரட்டும். தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு இருமட்டும். சளி வெளியே வந்தால்தான் நிமோனியா அண்டாது.

எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். நேற்று நாடகம் பார்த்து அழுதார். (வாசகி, உட்லண்ட்ஸ்)

முதல் சில வாரம் அழுகை, மறதி, கெட்ட கனவு எல்லாம் சகஜம். படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன் வலி மாத்திரை, முதுகுக்கு இரண்டு தலையணை, பகல் தூக்கம் ஒரு மணி நேரத்துக்குள். காலை, மாலை புளோக்கின் கீழ்த்தளத்தில் நடை: முதலில் 5 நிமிடம், தினம் ஓரிரு நிமிடம் கூட்டி, 6 வாரத்தில் 30 நிமிடம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச மூச்சு போதவில்லை என்றால் வேகம் அதிகம். மனச்சோர்வு இரண்டு வாரம் விடாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கும் மருந்து உண்டு.

யாரும் எழுதிக் கேட்காத ஒன்று: தாம்பத்தியம். நிற்காமல், மூச்சிரைக்காமல் இரண்டு மாடி படியேற முடிந்தால் இதயம் தாங்கும். நெஞ்செலும்புக்காக, கையை ஊன்றி உடல் எடையைத் தாங்கக்கூடாது. நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுத்திருந்தால் வயாகரா வகை அறவே கூடாது.

அவர் பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார் என்று வேண்டிக்கொண்டேன். அதற்குள் அறுவை முடிந்து 9 வாரம் ஆகியிருக்கும். எடுக்கலாமா? (வாசகி, புக்கிட் பாத்தோக்)

இந்த ஆண்டு அவர் தலையில் வேண்டாம். 2 லிட்டர் பாலும் குடமும் சேர்ந்தால் 3 கிலோவைத் தாண்டும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை 3 கிலோமீட்டருக்கு மேல். கால் தாங்கினாலும், இரண்டு கையும் தலைக்கு மேல் மணிக்கணக்கில் தூக்கியபடி இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவர் இடித்தால் குடத்தைக் காக்க உடம்பு தானாக முறுகும். அலகு பற்றிக் கேட்கவே வேண்டாம், ஆஸ்பிரினோடு, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறவருக்கு இரத்தம் நிற்காது.

அவர் பெயரில் நீங்கள் எடுங்கள், அடுத்த ஆண்டு அவர் எடுக்கட்டும். கூடவே வருவேன் என்று அடம்பிடித்தால் கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும், வெயில் ஏறுவதற்கு முன், கூட்டத்தின் ஓரமாக. காலை மாத்திரையைத் தவறவிட வேண்டாம். தோளில் ஒரு தடித்த துண்டு இருக்கட்டும். சாம்பிராணிப் புகையில் இருமல் வரும்போது நெஞ்சில் வைத்து அழுத்திக்கொள்ள.