துவக்கு இல்லாத கேம்

கேள்வி: ஏ.எல். படிக்கிற மகன் பொழுதெல்லாம் சுடுகிற கேம்தான் ஆடுகிறான். துவக்கே தூக்காமல் சர்வாதிகாரியை இறக்குகிற கேமும் இருக்குதாமே, மெய்யா மாஸ்டர்?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: மெய்தான் தங்கச்சி. 2006இல் அமெரிக்காவின் பிரேக்அவே கேம்ஸ் 'எ ஃபோர்ஸ் மோர் பவர்ஃபுல்' என்று ஒன்றை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர்களோடு இருந்தவர் இவான் மரோவிச். 2000 ஒக்டோபரில் சேர்பியாவின் ஆட்சியாளர் மிலோசெவிச்சை இறக்கிய 'ஒட்போர்' என்ற இளைஞர் இயக்கத்தாரில் ஒருவர். ஆகவே ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2010இல் 'பீப்பிள் பவர்' என்று அடுத்ததும் வந்தது.

சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது. நோட்டீஸ் கொடுக்கலாம், கடை அடைக்கலாம், ஊர்வலம் வைக்கலாம். அரசு ஆளைப் பிடித்து உள்ளே போடும். சனத்துக்குப் பயம் கூடினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது. காசையும் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். சுட்டுப் பழகிய பிள்ளைக்கு முதலில் அலுப்படிக்கும். அடிக்கட்டும்.

எனக்கு அதில் ஒட்டாத இடமும் உண்டு. 1988இல் அன்னை பூபதி, இந்திய அமைதிப்படை போரை நிறுத்தக் கோரி, மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் ஒரு மாதம் உண்ணாதிருந்து ஏப்ரல் 19 உயிர் விட்டாரே, அதை எந்தப் பட்டனில் வைப்பது?

அந்தக் கேமில் நாமே களம் அமைக்கவும் வசதி இருக்கிறது. சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய 1961 சத்தியாக்கிரகத்தை, நம் மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியை (அரச செயலகத்தை) வைத்து அமைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருந்த கிளாக்கர் யார் பக்கம், பொலிஸ்காரர் யார் பக்கம், வாசலில் இருந்தவர்களுக்குச் சோறு எந்த வீட்டிலிருந்து போனது, ஏப்ரல் 17 அவசரகாலச் சட்டம் வந்தபோது யார் யார் எங்கே நின்றார்கள்? எண்பது தாண்டியவர்களைத் தேடிப்போய்க் கேட்டால்தான் தெரியும். அதற்காவது படலையைத் தாண்டுவான்! ஒன்று, அந்த முதல் கேம் பழைய விண்டோஸுக்கு எழுதியது, போனில் ஓடாது.

கேள்வி: 2021இல் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை போனோமே, அதையும் கேம் ஆக்கலாமா?
– ஒரு வாசகர், பொத்துவில்

பதில்: தாராளமாக. பெப்ரவரி 3 தொடங்கி 7 வரை, நீதிமன்றத் தடையுத்தரவுகளையும் மீறிப் போன பேரணி. எதிராளியின் காய்கள் தயாராகவே இருக்கின்றன. சிரமம் வேறு இடத்தில். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (உடல்களை) எரிப்பதை நிறுத்து என்பதும் கோரிக்கையாகி, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே றோட்டில் நடந்தார்கள். அதற்கு எத்தனை புள்ளி என்பதைக் கேம் எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால், தடையுத்தரவை மீறியதைவிட அதற்குத்தான் கூடக் கொடுப்பேன்.