ஜப்பானிய பாணி அச்சுப்படத்தில் வானம் எப்படி மெல்லக் கரைகிறது?

கொழும்புக் கடலோரத்துக் காலிமுகத்திடலின் அந்தியை ஜப்பானிய மரப்பலகை அச்சு முறையில் காட்டும் ஒரு படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கருநீலம், கடலருகே வெளிர்நீலம். நடுவில் கோடே இல்லை. இந்த நிறக் கரைவுக்குப் பெயர் பொகாஷி.

காரணம் தண்ணீர்தான். செதுக்கிய பலகையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு ஓரத்தில் மட்டும் சாயம் வைத்துத் தூரிகையால் இழுப்பார்கள். ஈரத்தில் சாயம் நீர்த்து வெளிறும். நனைந்த வேட்டியில் சொட்டு நீலம் விழுந்தால் ஓரம் மங்கிப் பரவுமே, அப்படி. அப்புறம் தாளை வைத்துத் தேய்ப்பார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். எனக்கு மிகப் பிடித்ததே அதுதான். ஜப்பானிய அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் 1830களின் டோக்காய்டோ நெடுஞ்சாலைக் காட்சிகளிலும் இதே கரைவைப் பார்க்கலாம்.

அச்சு என்றாலே ஏதோ ஓவியத்தின் நகல் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த முறையில் பலகையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தாளும் அசல்தான்.