இங்கிலாந்து பையன்கள் ஹவுஸ்: பெட்டி கட்டும் முன் கேட்க வேண்டியவை

இங்கிலாந்தின் விடுதியுள்ள கட்டணப் பள்ளிகளில், 13 வயதில், ஒன்பதாம் ஆண்டில் மகனைச் சேர்க்கவிருக்கும் பெற்றோர் அனுப்பிய கேள்விகள் இவை.

சார், ஹவுஸ் என்றால் நம்ம ஊர் ஹாஸ்டல்தானே?

ஹாஸ்டல் படுத்து எழுகிற இடம். ஹவுஸ் அதைவிடப் பெரிய விஷயம். 13 முதல் 18 வயது வரை ஐம்பது, அறுபது பையன்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். பெரும்பாலும் ஐந்து வருஷமும் அதே ஹவுஸ்தான். ஹவுஸுக்குப் பொறுப்பான ஆசிரியர், அதாவது ஹவுஸ்மாஸ்டர், குடும்பத்தோடு அதே கட்டடத்திலோ ஒட்டியோ குடியிருப்பார். துணி, மருந்து, அழுகை மூன்றுக்கும் மேட்ரன். ஈட்டன் பள்ளியில் அவருக்கு 'டேம்' என்று பெயர்.

அறை விஷயம் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஈட்டனில் முதல் நாளிலிருந்தே தனி அறை. ஹாரோ பள்ளியில் சின்னப் பையன்கள் முதலில் பகிர்ந்துகொள்வார்கள். வேறு பல இடங்களில் நாலைந்து பேர் படுக்கும் டார்ம். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது நீச்சல்குளத்தைப் பார்த்தது போதும். ஹவுஸ்மாஸ்டரின் பதவிக்காலம் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்துப்போன ஆள் அடுத்த ஜூலையில் கிளம்பிவிடலாம்.

நேரம் எப்படிப் போகும்?

சுமாராக ஏழு மணிக்கு எழுப்புவார்கள், எட்டரை வாக்கில் வகுப்பு, மதியம் சில நாள் விளையாட்டு, ஆறு மணிக்கு இரவு உணவு, ஏழிலிருந்து ஒன்றரை மணி நேரம் 'பிரெப்' எனும் கட்டாயப் படிப்பு. சின்னவர்கள் போனை ஒப்படைத்துவிட்டு ஒன்பதரை, ஒன்பதே முக்காலுக்குப் படுத்துவிட வேண்டும். முழுநேர விடுதிப் பள்ளிகள் பலவற்றில் சனிக்கிழமை காலையும் வகுப்பு உண்டு.

பெயர் லேபிள் பற்றி இவ்வளவு வலியுறுத்துகிறார்களே, மார்க்கரில் எழுதினால் ஆகாதா?

ஆகாது. அறுபது பேரின் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை ஒரே சலவைக்குப் போகிறது. மார்க்கர் மை வெளுக்கும். இஸ்திரியில் ஒட்டும் லேபிளின் பசை, பெரிய டிரையரின் சூட்டில் இளகி ஓரம் சுருண்டு விழும். நெய்த பெயர் நாடாவை வாங்கி ஊசி நூலால் தையுங்கள். சட்டைக்குக் காலரின் உள்பக்கம், பேன்ட்டுக்கு இடுப்புப் பட்டி.

சாக்ஸில்தான் பலர் தவறுகிறார்கள். நாடாவை நீளவாக்கில் வைத்து இரண்டு முனையும் தைத்தால், காலை நுழைக்கும்போது எலாஸ்டிக் விரியும், நாடா விரியாது, நூல் அறுந்துவிடும். நாடாவை இரண்டாக மடித்து, மடிப்பு வெளியே வளையம்போல நிற்க, முனைகளை மட்டும் சாக்ஸின் மேல் விளிம்பில் தையுங்கள். பத்து ஜோடி என்றால் இருபது நாடா. சட்டை, உள்ளாடை, துண்டு, விளையாட்டு உடை எல்லாம் சேர்த்தால் நூறு தாண்டும், அதனால் 144 ஆகவே ஆர்டர் செய்துவிடுங்கள். வலைப்பை ஒன்றும் வேண்டும். சாக்ஸ் அதற்குள்ளேயே துவைபட்டுத் திரும்பும்.

காய்ச்சல் மாத்திரை, சின்ன ரைஸ் குக்கர் கொடுத்து அனுப்பலாமா அண்ணா?

குக்கர் வேண்டாம். கெட்டில், ஹீட்டர், அலங்கார விளக்குச் சரம் எல்லாம் தீ அபாயம் என்று முதல் வாரமே எடுத்து வைத்துவிடுவார்கள். ஊரிலிருந்து கொண்டுபோகும் எக்ஸ்டென்ஷன் போர்டும் அப்படித்தான். அங்கே பிளக்குக்குள் பியூஸ் இருக்க வேண்டும். டோஸ்ட், நூடுல்ஸுக்கு ஹவுஸிலேயே 'ப்ரூ ரூம்' இருக்கும்.

மருந்து எதுவானாலும் மேட்ரன் கையில். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள். பெட்டியோடு, ஆங்கிலப் பெயரோடு, மருத்துவர் சீட்டோடு இருக்க வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலர் போன்றவற்றைப் பையன் தானே வைத்துக்கொள்ளலாமா என்பதை மதிப்பிட்டு எழுதி வைப்பார்கள். பாட்டி கொடுத்த சூரண டப்பாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நாங்கள் சுத்த சைவம்.

படிவத்தில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் முட்டையும் அதில் அடக்கம். முட்டை கூடாது என்றால் தனியாக எழுதுங்கள். பார்மெசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்று நொதி சேரும். ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின். இந்த மூன்றையும் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

எப்போது போன் பேசலாம்? அழுதால் என்ன செய்வது?

செப்டம்பரில் நேர வித்தியாசம் நாலரை மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் ஐந்தரை. அவன் இரவு உணவு முடிக்கும்போது உங்களுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. ஆகவே ஞாயிறு காலை பத்து மணி, அதாவது உங்கள் மதியம் இரண்டரை அல்லது மூன்றரை, நல்ல நேரம். படுக்கும் நேரத்தில் பேசவே பேசாதீர்கள்; அழுகை அப்போதுதான் பொங்கும். நீங்கள் போனை வைத்துவிடுவீர்கள், அவன் இருட்டில் தனியாகக் கிடப்பான். வீட்டு ஏக்கம் முதல் வாரத்தைவிட முதல் விடுமுறை முடிந்து திரும்பியதும் கடுமையாக வருவதுண்டு. அழைத்து அழுதால் மேட்ரனுக்குச் சொல்லுங்கள், டிக்கெட் போடாதீர்கள்.

எக்ஸியட் என்றால் என்ன? லண்டனில் என் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான், கார்டியனாகப் போடலாமா?

எக்ஸியட் என்பது இடையில் வரும் வார இறுதி விடுப்பு. பல பள்ளிகளில் ஹவுஸைப் பூட்டிவிடுவார்கள், தங்க முடியாது. பருவத்தின் நடுவில் வரும் அரைப்பருவ விடுமுறையும் அப்படியே. காய்ச்சல், விமானத் தாமதம், சஸ்பென்ஷன் எதுவானாலும் கார்டியன், அதாவது அங்கே உங்களுக்குப் பதிலாகப் பொறுப்பேற்பவர், வந்து அழைத்துப் போயாக வேண்டும்.

தம்பியைப் போடலாம், பள்ளி ஏற்றால். மாணவராக இருப்பவரைப் பல பள்ளிகள் ஏற்பதில்லை. இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு: 16 வயதுக்குட்பட்ட பிள்ளை நெருங்கிய உறவல்லாதவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் அது 'தனியார் வளர்ப்பு', உள்ளூர் கவுன்சிலுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உங்கள் கூடப்பிறந்தவர் நெருங்கிய உறவு. ஒன்றுவிட்ட தம்பியைப் பையன் சித்தப்பா என்று கூப்பிடலாம், அந்தச் சட்டத்துக்கு அவர் சித்தப்பா இல்லை. கோடை விடுமுறை முழுக்க அங்கே விடுவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்.

ராகிங்?

தனியார் பள்ளிகளிலும் அடிக்கும் தண்டனை 1999இல் தடையானது. சின்னவர்கள் பெரியவர்களுக்கு ஷூ துடைக்கும் பழைய முறையும் போய்விட்டது. கிண்டல், ஒதுக்கிவைத்தல், வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காமை இதெல்லாம் இன்னும் இருக்கிறது. பள்ளிக்கு வெளியாளான ஒருவரை முறையிடுவதற்கென நியமித்து, அவர் எண்ணை ஹவுஸில் ஒட்டி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 0800 1111 இலவசம். இரண்டு எண்ணையும் பையன் பார்த்திருக்கிறானா என்று கேளுங்கள்.

கட்டணத்தில் மறைந்திருப்பது?

2025 ஜனவரி 1 முதல் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்கிறது, விடுதிக் கட்டணத்துக்கும்தான். இணையத்தில் பார்க்கும் தொகை வாட் சேர்த்ததா என்று பாருங்கள். பையனை நிறுத்துவதென்றால் வழக்கமாக ஒரு முழுப் பருவ நோட்டீஸ்: ஜூலையில் வெளியேற, ஏப்ரலில் கோடைப் பருவம் தொடங்கும் முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த பருவக் கட்டணத்தைக் கட்டச் சொல்வார்கள். 'யோசித்துக்கொண்டிருக்கிறோம்' என்று ஹவுஸ்மாஸ்டரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது நோட்டீஸ் ஆகாது.