வெயில் படும் மரக் கதவு, ஜன்னலுக்கு என்ன அடிக்கலாம்?

மேற்குப் பார்த்த தேக்குக் கதவு. குடிவந்தபோது மெலமைன் பாலிஷ் போட்டோம். இப்போது கீழ்ப்பாதி மட்டும் செதில் செதிலாக உரிகிறது, மேல்பாதி புதுசு மாதிரி இருக்கிறது. ஏன்? (கே.கே. நகர்)

மேல்பாதியைக் காப்பாற்றியது உங்கள் சன்ஷேடு, பாலிஷ் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பாலிஷைத் தாண்டி உள்ளே போய், மர நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. அடியில் பிடிமானம் போனதும் மேலே இருக்கும் பாலிஷ் கழன்று வருகிறது. மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்குத்தான்.

உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடாதீர்கள், அதன் ஓரமே அடுத்து உரியும். முழுக் கதவையும் 100ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 220 வரை தேய்த்து, தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அப்புறம் வெளிப்புறத்துக்கென்றே வரும் பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அல்லது படகுகளுக்கு அடிக்கும் மரைன் வார்னிஷ், புற ஊதாத் தடுப்பு சேர்த்ததாகப் பார்த்து வாங்கி அடியுங்கள். முதல் கோட்டைக் கொஞ்சம் நீர்க்க அடித்தால் மரம் நன்றாக இழுத்துக்கொள்ளும். கதவின் அடி விளிம்பை எந்தப் பெயிண்டரும் தானாக அடிப்பதில்லை, கேட்டு அடிக்க வையுங்கள், தண்ணீர் ஏறுவதே அந்த வழியாகத்தான்.

இதையெல்லாம் விட முக்கியம், அடுத்த முறை உரியும்வரை காத்திருக்காதீர்கள். பளபளப்பு மங்கும்போதே 320 உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஒரு கோட் அடித்தால் ஒரே நாள் வேலை. மேற்குக் கதவுக்கு வருடா வருடம் இது தேவைப்படும். முடிந்தால் சன்ஷேடையும் நீட்டுங்கள், நிழலை மிஞ்சிய வார்னிஷ் கிடையாது.

தாத்தா காலத்துத் திண்ணைத் தூண் சாம்பல் நிறமாகிவிட்டது. உளுத்துவிட்டதா? (திருமங்கலம்)

ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் மரம் திடமாகத்தான் இருக்கிறது, சாம்பல் மேல்தோலில் மட்டும்தான். தேக்கு என்றால் அப்படியே விடலாம், எனக்கு அந்த நிறம் பிடிக்கும். பழைய நிறம் வேண்டுமென்றால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைக் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு தடவி, நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். கூரையின் அடியில் இருக்கும் வேலைப்பாடுகளைத் தயவுசெய்து மெஷினால் இழைக்க விடாதீர்கள், போனால் வராது.

ஆளி விதை எண்ணெய் போதுமா? (மேலூர்)

வெயிலில் போதாது. ஐப்பசி மழையில் கரும்பூஞ்சையும் பிடிக்கும். தடவிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும், விரித்துக் காயப் போடுங்கள்.

வேப்பமர ஜன்னல், செலவு குறைவாக வேண்டும். (உசிலம்பட்டி)

பெயிண்ட்தான். பிரைமர் அடித்து அதன் மேல் இரண்டு கோட் எனாமல். நிறமி வெயிலை மரத்துக்குப் போகவே விடாது, எந்தத் தெளிவான வார்னிஷையும் விட நீண்ட நாள் வரும். வெளிர் நிறமாக இருக்கட்டும், கருநிறம் சூடேறி மரத்தைப் பிளக்கும்.

எந்த மாதம் அடிக்கலாம்? (திருப்பரங்குன்றம்)

தை, மாசி. மழை ஈரம் காய்ந்திருக்கும், கத்திரி வெயிலும் வந்திருக்காது. சுடும் மரத்தில் அடித்தால் கொப்புளம் விடும், அதனால் மேற்குப் பக்கத்தைக் காலையிலும் கிழக்குப் பக்கத்தைச் சாயங்காலமும் வைத்துக்கொள்ளுங்கள்.