தொழில், தலைமைப் பண்பு, தனிப்பட்ட வெற்றி: சமீபத்தில் வந்த நல்ல புத்தகங்கள் எவை?

சமீபத்தியவை என்று கேட்டிருப்பதால் 2020-க்குப் பிறகு வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

எதைத் தள்ளிவைக்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெயித்த நிறுவனங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் பொதுக் குணங்களைப் பட்டியல் போடும் புத்தகங்கள். ஜெயித்தவரை மட்டும் கூப்பிட்டுக் கேட்டால், அதே வேலையை அதே மாதிரி செய்து தோற்றுப்போனவர் கணக்கிலேயே வரமாட்டார். ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' 2001-ல் 11 நிறுவனங்களை முன்மாதிரியாகக் காட்டியது. அதில் ஒன்றான சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் கடைச் சங்கிலி 2008-ல் திவாலானது. இன்னொன்றான ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை அதே ஆண்டு அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. காலின்ஸ் குழுவினர் உழைக்காமல் எழுதியதில்லை அது. ஆனாலும் இந்த வகையில் வரும் புதுப் புத்தகங்களுக்கு இன்னும் பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் தோற்றவற்றையும் சேர்த்து எண்ணும் புத்தகங்களைத்தான் நான் தேடுகிறேன். அந்த வகையில் என் முதல் தேர்வு பென்ட் ஃப்ளூபியா, டேன் கார்ட்னர் இருவரும் எழுதி 2023-ல் வந்த 'ஹவ் பிக் திங்ஸ் கெட் டன்'. அணை, ரயில் பாதை, மென்பொருள், ஒலிம்பிக் என்று 16,000-க்கும் மேற்பட்ட திட்டங்களின் தரவை ஃப்ளூபியா சேர்த்து வைத்திருக்கிறார். சொன்ன செலவில், சொன்ன தேதியில் முடிந்தவை அதில் 8.5 சதவீதம். செலவு, தேதி, கிடைத்த பலன் மூன்றுமே சொன்னபடி வந்தவை 0.5 சதவீதம்தான். உங்கள் அலுவலகத்தில் யாராவது 'இந்தத் தடவை கரெக்டாக முடித்துவிடுவோம்' என்று சொல்லும்போது இந்த எண் மனதில் வந்தால் போதும், புத்தகத்துக்குக் கொடுத்த விலை தேறிவிடும்.

ஆனால் அதன் உயிர் எண்களில் இல்லை. சிட்னி ஆப்பரா ஹவுஸ் கதையைப் படித்துப் பாருங்கள். அழகான வரைபடம், அவசரப்பட்ட அரசியல்வாதிகள். அந்த வளைந்த கூரையை எப்படிக் கட்டுவது என்று தெரிவதற்கு முன்பே 1959-ல் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். 1963-ல் திறப்பதாக இருந்தது, 1973-ல்தான் திறந்தது. செலவு பல மடங்கு எகிறியது. வடிவமைத்த யோர்ன் உட்சான் 1966-லேயே விலகிப் போனவர், கட்டி முடித்த கட்டடத்தைக் கடைசிவரை நேரில் பார்க்கவே இல்லை. அதற்கு நேர் எதிராக ஸ்பெயினின் பில்பாவோ நகரில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி கட்டிய குகன்ஹைம் அருங்காட்சியகம். பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்துத் தரச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டார்கள். 'இதை எதற்காகச் செய்கிறீர்கள்?' என்று அவர் திருப்பிக் கேட்டார். நகரத்துக்கு வெளியாட்களை வரவைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று தெரிந்ததும், இதற்கு அந்தக் கிடங்கு சரிவராது, ஆற்றங்கரையில் புதிதாகக் கட்டுங்கள் என்றார். அப்புறம் கணினியிலும் மாதிரிகளிலும் திரும்பத் திரும்பக் கட்டிப் பார்த்தபிறகே நிஜ வேலையைத் தொடங்கினார்கள். 1997-ல் சொன்ன நேரத்தில், ஒதுக்கிய பணத்துக்குள் முடிந்தது. யோசிக்கும்போது நிதானம், இறங்கியபின் வேகம் என்பதுதான் ஃப்ளூபியாவின் வாதம். பெரும்பாலான நிறுவனங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

தலைமைப் பண்புக்கு ஏமி எட்மண்ட்சனின் 'ரைட் கைண்ட் ஆஃப் ராங்' (2023). ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. தரவு வேறு மாதிரி வந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம். உள்ளே போய்ப் பார்த்தால், அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற குழுக்களில் மேலே இருப்பவருக்குப் பயந்து வாயே திறக்கவில்லை. 'எங்கள் டீமில் பிரச்சினையே வருவதில்லை' என்று பெருமையாகச் சொல்லும் மேலாளர்களுக்கு இந்த ஓர் அத்தியாயத்தையாவது படிக்கக் கொடுக்க வேண்டும். தோல்வியைக் கொண்டாடுங்கள் என்று மேடையில் பேசும் ஆட்களோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள். கவனக்குறைவால் வருவது, பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து வருவது, புது விஷயத்தை முயன்று பார்க்கும்போது வருவது என்று மூன்றாகப் பிரிக்கிறார். கடைசி வகைக்குத்தான் ஆதரவு. அதுவும் தாங்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும் என்கிறார்.

தனிப்பட்ட வெற்றி என்று வரும்போது ஆனி டியூக்கின் 'க்விட்' (2022). போக்கர் என்ற சீட்டாட்டத்தைத் தொழிலாகவே ஆடியவர். 'விடாதே, முயற்சி செய்' என்று சொல்லும் புத்தகங்கள் குவிந்து கிடக்கும் இடத்தில், எப்போது விட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தார். கையில் பணம் இருந்தது, முதலீட்டாளர்களும் கூடவே நின்றார்கள். இருந்தும் இது தேறாது என்று கணக்குப் போட்டு 2012-ல் நிறுத்தினார். குழுவுக்குள் பேசிக்கொள்ள அவர்கள் செய்து வைத்திருந்த கருவிதான் பிறகு 'ஸ்லாக்' என்ற அலுவலக உரையாடல் செயலி ஆனது. ஒரு வேலையைத் தொடங்கும்போதே, இந்தத் தேதிக்குள் இது நடக்காவிட்டால் விட்டுவிடுவேன் என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டபின் நம் மூளையை நம்ப முடியாது என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. பின்பாதியில் சொன்னதையே சொல்கிறார், அங்கே வேகமாகப் புரட்டிவிடலாம்.

வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழில் என்றால் வில் கிடாராவின் 'அன்ரீசனபிள் ஹாஸ்பிடாலிட்டி' (2022). நியூயார்க்கில் 'லெவன் மேடிசன் பார்க்' என்ற மிக உயர்தர உணவகத்தை நடத்தியவர். ஊர் சுற்ற வந்த ஒரு குழு, எல்லாம் சாப்பிட்டாயிற்று, தெருவில் விற்கும் ஹாட் டாக் மட்டும் விட்டுப்போயிற்று என்று பேசிக்கொள்வது அவர் காதில் விழுந்தது. ஓடிப்போய் வாங்கிவந்து, சமையல் தலைவரிடம் சொல்லி அழகாக வெட்டி அடுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தார். அந்த மேசைக்குப் போன விலை உயர்ந்த பதார்த்தங்களைவிட அதைத்தான் அவர்கள் கொண்டாடினார்கள். இதை ஒரு தற்செயலாக விடாமல், இப்படிச் செய்வதற்கென்றே ஆள் போட்டு ஒரு வழக்கமாக்கியதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

கால் நியூபோர்ட்டின் 'ஸ்லோ ப்ரொடக்டிவிட்டி' (2024) ஒரே மூச்சில் பத்து வேலை பார்த்துச் சலித்தவர்களுக்கு. வேலைகளைக் குறைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், தரமாகச் செய்யுங்கள் என்ற கருத்து நல்லது, ஆனால் உதாரணங்கள் பெரும்பாலும் எழுத்தாளர்களும் கலைஞர்களும் அறிஞர்களும். காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் வைத்திருப்பவருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது சந்தேகம்தான்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய பிசினஸ் புத்தகங்களை வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. அச்சாகி வருவதற்குள் பாதி பழையதாகிவிடுகிறது.

ஒன்றே ஒன்று வாங்குவதானால் ஃப்ளூபியா. அதை ஒலிநூலாக வாங்காதீர்கள். எந்த வகைத் திட்டத்தில் செலவு சராசரியாக எவ்வளவு எகிறும் என்ற அட்டவணை பின்னிணைப்பில் இருக்கிறது, அதைக் காதால் கேட்டு ஒன்றும் ஆகாது. உங்கள் வேலை எந்த வரிசையில் வருகிறது என்று பார்த்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போனால் இன்னும் நன்றாக இருக்கும்.